நேரசூசிக்கு ஒரு சிரமதானம்

டீசலுக்காக நாடே வரிசையில் நின்ற வருடத்தில் இது தொடங்கியது. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தேயிலை மலைக்குள் ஏறிப் போனால் வருகிற ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணினி ஆசிரியை. பெயர்தான் கணினி ஆசிரியை. கணிதமும் எடுப்பேன், ஆள் வராத நாளில் சமயமும் எடுப்பேன்.

அந்த வருடம் பஸ் ஓடவில்லை. ஹட்டன் பக்கத்திலிருந்து வருகிற ஆசிரியர்கள் எல்லோரும் ரயிலை நம்பி வந்தார்கள். ரயில் யாரையும் நம்பி வரவில்லை. முதல் பாடவேளைக்கு யார் இருப்பார், யார் இருக்க மாட்டார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எங்கள் உப அதிபர் ஒரு பெரிய தாளில், எந்தப் பாடவேளைக்கு எந்த வகுப்பில் யார் என்று பென்சிலால் நேரசூசி போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் அந்தத் தாளே கிழிந்துவிட்டது. அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு மென்பொருள் எழுதினேன். ரயிலில் வருகிறவருக்கு முதல் பாடவேளை வைக்கக் கூடாது, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்க்க வேண்டியிருந்தால் அவை பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்க வேண்டும் என்று எங்கள் தோட்டப் பாடசாலைகளுக்கே உரிய தொல்லைகளை எல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர்களின் விவரத்தைக் கொடுத்தால் நேரசூசியை அதுவே போட்டுக் கொடுத்துவிடும்.

பக்கத்துப் பாடசாலை கேட்டது, கொடுத்தேன். அதற்குப் பக்கத்துப் பாடசாலையும் கேட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதற்குப் பதில் இணையத்தில் போட்டுவிட்டேன். யாரும் இலவசமாக எடுக்கலாம். நிரலையும் திறந்தே வைத்தேன். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்தலாம். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இரண்டு பிழையைத் திருத்தி, ஒரு சிரித்த முகத்தையும் அனுப்பிவிட்டுக் காணாமல் போனார். வேறு யாரும் வரவில்லை. ஆனால் பாவிக்கிறவர்கள் உடப்புசல்லாவையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரை பெருகினார்கள். உதவி தேவையென்றால் அழைக்கவும் என்று என் தொலைபேசி இலக்கத்தை அதில் போட்டது நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

பாடசாலைத் தவணை தொடங்கி எல்லோரும் புது நேரசூசி போடும்போதெல்லாம் போன் அடித்தபடியே இருக்கும். அத்துடன் சர்வர் வாடகை வேறு. அதை டொலரில் கட்ட வேண்டும். நம் ரூபாய் விழ விழ, என் சம்பளத்தில் அது கடித்த கடி கூடிக்கொண்டே போனது. தபால் கந்தோரில் வேலை செய்கிற என் கணவர் ஒருநாள், "நீ கேக்காம யாரு குடுப்பாங்க? வாய் விட்டுக் கேளேன்" என்றார்.

ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களில் நன்கொடை கேட்டு ஒரு செய்தி போட்டேன். மென்பொருளை எழுதியதைவிட அந்த நான்கு வரியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பதிலுக்குக் கட்டைவிரல்களும் கூப்பிய கைகளும் வந்தன. காசு வரவில்லை. வாடகை கட்டாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று சர்வர்காரர்கள் எழுதியபோது, மாத முடிவில் எல்லாம் நின்றுவிடும் என்று உள்ளதை உள்ளபடி போட்டேன். அப்போதுதான் வந்தது. அதிபர்கள் போட்டார்கள், ஆசிரியர்கள் போட்டார்கள், கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற என் பழைய மாணவர்கள்கூட ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் அடுத்த தவணை வரைதான் இருந்தது. காசு போட்டவர்களுக்குக் குரல் மாறிவிட்டது. முன்பெல்லாம் நேரம் கிடைத்தால் பாருங்கள் டீச்சர் என்று கெஞ்சியவர்கள், இப்போது, "நாங்களும் காசு போட்டிருக்கோம்ல டீச்சர்?" என்று ஆரம்பித்தார்கள். ஒரு பாடசாலைக்கு நேரசூசியின் தலையில் பாடசாலைச் சின்னம் கலரில் வர வேண்டும். இன்னொருவருக்கு இடைவேளை முடிந்து வருகிற பாடவேளை ஆகாது, தூக்கம் வருகிறதாம். ஒரு சதமும் போடாதவர்கள்தான் கடைசி வரை மரியாதையாகப் பேசினார்கள். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லோரிலும் மேலே ஒருவர் இருந்தார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பாடசாலையின் உப அதிபர், யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நன்கொடை அதிகம் போட்டவர் அவர். ஏச்சும் அவருடையதுதான் அதிகம். விஞ்ஞானத்தை ஏன் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளினீர்கள் என்று என்னமோ நானே அவருடைய பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கெடுத்தது மாதிரிக் கேட்பார். அவருடைய இலக்கத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

உண்மையிலேயே வயிற்றில் கோளாறுதான் இருந்திருக்கிறது. பித்தப்பையில் கல் என்று வைத்தியசாலையில் படுக்க வைத்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது தவணை தொடங்கியிருந்தது. போன் அடிக்கிறது. அரை மயக்கத்தில், ரயில் ஆசிரியர் என்ற பெட்டியில் சரி அடையாளம் போடுங்கள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தேன். சிங்களத் தாதி ஒருவர் வந்து, போதும் மிஸ் என்று சிங்களத்தில் சொல்லி, போனை வாங்கி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டு மூடினார். அந்த லாச்சி மூடிய சத்தம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எழுதிப் போட்டேன். உடம்புக்கு முடியவில்லை, இந்தத் தவணையோடு மூடுகிறேன், மிச்சமிருக்கும் காசை எல்லோருக்கும் திருப்பி அனுப்புகிறேன். அழுத முகங்கள் வந்தன. கணவரும் நானும் உட்கார்ந்து காசைத் திருப்பி அனுப்பினோம். ஒருவரும் மறுக்கவில்லை, யாழ்ப்பாணத்துக்காரரைத் தவிர. அவர் ஒரு வார்த்தையும் எழுதாமல் காசை மறுபடி என் கணக்கிற்கே போட்டுவிட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் ஒரு செய்தி. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தோம். கணவர் அன்றைக்குத் தேவாலயப் பூசைக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

நல்ல மழை. நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் ஹட்டன், ஹட்டனிலிருந்து ரயில். ரயில் வழக்கம்போலப் பிந்தி, முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார். போனில் கேட்ட குரலுக்கு ஆள் இவ்வளவு ஒல்லியாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையில் ஹட்டன் பேக்கரி பணிஸ் ஒரு பை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏசிறதுக்கு ஒரு உரிமை வேணும் எண்டுதான் ரீச்சர் நான் காசு போட்டனான். அதை முதல் சொல்லிப்போடுறன்."

என் கணவர் சிரித்துவிட்டார்.

அவர் பாடசாலைக்குப் பின்னால் மழைக்கு மண் சரிந்து மலசலகூடத்தை மூடிவிட்டதாம். கூலியில்லாமல் மண் அள்ளித் தரும்படி பெற்றோரைச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டார்கள். கடை வைத்திருக்கும் ஒருவர், என்னால் வர முடியாது என்று பெரிய தொகையொன்றைக் கொடுத்து அனுப்பினார். அதிபருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மழையில் அந்தப் பாதையில் இயந்திரம் ஏறாது, கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. "காசு கந்தோருக்குள்ள கிடந்தது, மண் மண்ணாவே கிடந்தது. கடைசியில சனம் வந்துதான் அள்ளினது" என்றார். பிறகு, "நீங்கள் எங்களிட்டக் காசு கேட்டனீங்கள். ஆக்களை ஏன் கேக்கேல்லை?" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாளும் என்னைப் பிழிந்தெடுத்த மனுஷன் வந்து உட்கார்ந்து என்னையே கேட்கிறாரே என்று. ஆனால் எங்கள் பாடசாலைச் சிரமதானத்துக்குப் பெற்றோருக்கு அறிவித்தல் எழுதுவதே நான்தான். கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் கத்தியோடு புல் வெட்ட வருவார்கள். வெட்ட முடியாதவர்கள் தேத்தண்ணீர் ஊற்றுவார்கள். அவர்களைக் கூப்பிட நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. மென்பொருள் மட்டும் நிரல் எழுதத் தெரிந்தவர்களின் வேலை, மற்றவர்களிடம் காசைத் தவிர வேறொன்றும் கேட்க முடியாது என்று எப்படியோ நினைத்திருக்கிறேன். வருகிற அழைப்பில் முக்கால்வாசிக்கு நிரல் தெரிய வேண்டியதே இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

பொறுமை இவரிடம் கிடையாது என்பது வேறு விஷயம். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, வழக்கமாக என்னென்ன கேட்பார்கள் என்று சொல்லச் சொன்னார். மாலை ரயிலுக்குக் கிளம்பும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். போகும்போது மென்பொருளில் என் இலக்கத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன், மூடுகிற எண்ணத்தையும் விட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த தூக்கம் மாதிரி அதற்கு முன்னால் எப்போது வந்தது என்று ஞாபகமில்லை.

அழைக்கிறவர்களிடம் அவர், திரையில் எழுதியிருப்பதை வாசித்தீர்களா, வாசித்துவிட்டு எடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாராம். என்னிடம் முறைப்பாடு வந்தது. எனக்கு உள்ளூர ஒரே ஆனந்தம். ஆச்சரியம் என்னவென்றால் பலர் உண்மையிலேயே வாசிக்கத் தொடங்கினார்கள். பிறகு உடப்புசல்லாவை ஆசிரியை ஒருவர் படம் போட்டு விளக்கம் எழுதிக் கொடுத்தார். இன்னும் சிலர் ஆளுக்கு ஒரு வாரம் போன் பார்க்கிறோம் என்றார்கள். நன்கொடை இப்போதும் கேட்கிறோம், சர்வர் சும்மா ஓடுமா? ஆனால் காசு போடுங்கள், அல்லது ஒரு வாரம் போனை எடுங்கள் என்று கேட்கிறோம். ஒரு வாரம் போன் எடுத்தவர் யாரும் அதற்குப் பிறகு ஏசியதில்லை.

களைப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பிழை திருத்துகிற வேலை இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. நன்கொடை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது என்று அந்த நாட்களில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால், எனக்கு முடியவில்லை, யாராவது வாருங்கள் என்று கேட்கத்தான் அதைவிட வெட்கம். அதற்குப் பதிலாகத்தான் காசைக் கேட்டிருக்கிறேன். அதனால் இப்போது யார் எதற்கு நன்கொடை கேட்டு வந்தாலும், காசை எடுப்பதற்கு முன்னால், என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறேன். அநேகமானவர்கள் அப்போதுதான் வாசலிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்குகிறார்கள்.