கோமளா கை வைத்தால்தான் எரியும் விளக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருடமாக சர்க்யூட் டிசைன் செய்கிற கோமளாவைப் பொறுத்தவரை, தப்பு என்று ஒன்று நடந்தால் அது மற்றவர்கள் செய்ததாகத்தான் இருக்கும். போன வாரம் இரண்டு எஃப்.பி.ஜி.ஏ. போர்டுகளை, அதாவது வேண்டியபடி புரோகிராம் எழுதிக்கொள்ளும் சிப் பொருத்திய போர்டுகளை, ஒன்றோடொன்று பேச வைக்கும் வேலை வந்தது. ஒன்றின் உலோக முனையிலிருந்து மற்றதன் முனைக்கு ஒரு ஒயர்; இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே விளக்கு எரிய வேண்டும். "அரை மணி நேர வேலை சார்" என்று மேனேஜர் ராகவனிடம் சொல்லிவிட்டாள்.

விளக்கோ பட்டனைத் தொடாமலே மினுக்கியது. மூன்று நாள் புரோகிராமைத் திருத்தித் திருத்தி எழுதினாள். நான்காம் நாள், சலிப்பில் இரண்டு போர்டுகளின் மேலும் படும்படி ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் பட்டனை அழுத்தினாள். விளக்கு ஒழுங்காக எரிந்தது! கையை எடுத்தால் மறுபடி மினுக்கல். ராகவனைக் கூப்பிட்டு, கை வைத்தபடியே செய்து காட்டினாள்.

"கஸ்டமருக்கு போர்டோட உங்களையும் சேர்த்து அனுப்பணுமா?" என்றார் அவர்.

பக்கத்து மேசையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த கஜபதி எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ரெண்டுக்கும் தனித்தனி அடாப்டர் கீது, கரண்ட்டு திரும்பிப் போற கிரவுண்டை கிரவுண்டோட சேக்கவே இல்லியே! ஒயர் இல்லாத கொறைக்கு உங்க ஒடம்பு ஒயரா நிக்குது."

கோமளாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஒரு கறுப்பு ஒயரை எடுத்து இரண்டு கிரவுண்டையும் இணைத்தாள். பட்டனை அழுத்தியதும் விளக்கு சமர்த்தாக எரிந்தது.

அன்றைய ரிப்போர்ட்டில், "கிரவுண்ட் இணைப்பு மேம்படுத்தப்பட்டது" என்று எழுதினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். "கிரவுண்ட் ஒயர் போட மறந்துவிட்டேன். கண்டுபிடித்தவர் கஜபதி" என்று எழுதி, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டாள்.