காலி மேடைக்குக் கைதட்டு

சினிமா, டிவி இயக்குநர்களுக்கு வருடா வருடம் நடக்கிற விருது விழாவுக்குப் போன வருடம் நானும் போயிருந்தேன். அழைப்பிதழ் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். முன்வரிசைகளில் பெரிய மனிதர்கள் உட்காருவார்கள். பின்னால் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளுக்கு ஏஜென்ட் ஒருவர் சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளர் ஹாஸ்டல்களில் ஆள் பிடிப்பார். ஓரகடம் கார் கம்பெனிகளில் ஷிப்டு முடித்தவர்கள் ஒரு பஸ் நிறையக் கிளம்பினோம். பிரியாணி உண்டு என்றார்கள். நான் பிரியாணிக்காகப் போகவில்லை.

சிறந்த டிவி இயக்குநர் யார் என்பது முன்பே வெளியே தெரிந்துவிட்டது. அவரிடம் ஆறு வருடம் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவன் நான். அவருக்கு விருது வாங்கித் தந்த கதை என்னுடையது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கம்பெனி பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிற ஒருவனின் கதை. ஒரு மழை நாளில், குன்றத்தூர் ரோட்டில், அவருடைய காரில் வைத்துச் சொன்னேன். "நல்லாருக்கு, எழுதிக் குடு" என்றார். கொடுத்தேன். ஒளிபரப்பானபோது கதை, திரைக்கதை, இயக்கம் எல்லாவற்றிலும் அவர் பெயர்தான். கேட்டதற்கு, "அடுத்ததுல பாத்துக்கலாம் தம்பி" என்றார். அடுத்தது வரவேயில்லை. கல்யாணம் ஆனதும் ஓரகடத்தில் கார் சீட் மாட்டுகிற லைனில் சேர்ந்துவிட்டேன்.

அது என் கதை என்று நம்புகிற ஒரே ஆள் என் மனைவி. வாலாஜாபாத்துக்காரி. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அது எங்க வூட்டுக்காரு எழுதுனது" என்று சொல்லிவிடுவாள். மேடையில் அவர் ஒரு தடவை என் பெயரைச் சொன்னால் அவள் வார்த்தை மெய்யாகிவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே எங்களை உட்கார வைத்தார்கள். மேடையில் ஈ காக்கை இல்லை. மைக்கில் ஒருவர், "கை தட்டுங்க. எழுந்து நின்னு தட்டுங்க. கண்ணு கலங்கட்டும்" என்றார். இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். இந்த வேலையை நானே எத்தனை கூட்டத்திடம் வாங்கியிருக்கிறேன்! தொழில் புத்தி விடுமா, மற்றவர்களைவிட நன்றாகவே செய்தேன். காமிரா என் முகத்தருகே வந்து நின்றது.

விழா தொடங்கி, என் பழைய இயக்குநர் மேடையேறினார். "இந்தக் கதை, ஒருநாள் மழையில குன்றத்தூர் ரோட்டுல தனியா கார் ஓட்டிட்டு வர்றப்ப தோணுச்சு" என்றார். அரங்கமே எழுந்து தட்டியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரை நான் எதிர்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நல்லா செஞ்ச" என்றாள் மனைவி.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழாவை டிவியில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள் மனைவி. அவர் "தனியா கார் ஓட்டிட்டு வர்றப்ப தோணுச்சு" என்று சொல்லி முடித்ததும் திரையில் நான். எழுந்து நின்று, கண் கலங்கி, பல்லெல்லாம் தெரியத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐய, உங்க வூட்டுக்காரு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவளை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தாள் மனைவி. பிறகு, "எழுந்துக்கவே இல்லன்னு சொன்ன?" என்றாள். காலி மேடை, முன்கூட்டியே எடுத்தது, எடிட்டிங் என்று இரண்டு தடவை விளக்கினேன்.

"மூஞ்சி உன்துதானே?"

"ஆமா."

"ஆளே இல்லாத மேடையப் பாத்து யாருனா இப்டி அழுவாங்களா?"

அவள் டிவியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம்கூட இல்லை அவளுக்கு.

"இன்னாயா, நெஜமாவே அது நீ எழுதுனதுதானா?"

ஆமாம் என்றேன். "சரி" என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தக் கதையைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.