வெயிலோடு கோ-கோ ஆடும் டீச்சர்

குடையை விரித்த பிறகுதான் பங்கஜவல்லி டீச்சர் விசில் ஊதுகிறார். வெயில் இன்னும் பள்ளி மதிலைத் தாண்டவில்லை. "அது எப்ப எட்டிப் பாக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார். சேலைக்கு மேல் தம்பி சாரங்கபாணியின் முழுக்கைச் சட்டை. கோ-கோ பிள்ளைகள் சிரித்த காலமெல்லாம் போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியொன்றின் விளையாட்டு ஆசிரியை. உச்சி வெயிலில் வெறுந்தலையோடு பிள்ளைகளைத் துரத்தியவர்தான். நாலு வருஷத்துக்கு முன், எண்பத்தொன்பது சித்திரையில், கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன. விரல் மூட்டுகள் வீங்கிச் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மதுரை டாக்டர் 'லூபஸ்' என்றார்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குமாம், வெயில் பட்டால் கூடுமாம். அதென்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு டீச்சர் இப்படி விளக்கினார்: "நம்ம டீம் ஆளே நம்மள அவுட்டாக்குனா எப்படி இருக்கும்? அதான்ட்டி இது."

வத்திராயிருப்புப் பக்கம் ஒருவர் பொடி கொடுத்து, "இங்கிலீஷ் மாத்திரைய நிப்பாட்டுங்க, வேரோட போயிரும்" என்றார். டீச்சர் நிறுத்தினார். மாத்திரை போனது, நோய் போகவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போய், கடைசியில் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. அந்த வருஷத் தீபாவளி மதுரை ஆஸ்பத்திரியில். "வெயில்ல நிக்க முடியாத பி.டி. டீச்சர எவ வச்சுக்கிடுவா?" என்று ஒரே ஒருமுறை அழுதார். அதைப் பார்த்துத் தம்பி அழத் தொடங்கவும், "ஏலே, நீ வேற! இனிமே ரூல்ஸ்படி ஆடுவோம்" என்று இவரே தேற்ற வேண்டியதாயிற்று.

ரூல்ஸ் இவைதான். மாத்திரை நிற்காது. மற்றதெல்லாம் அதற்குத் துணையாக வரலாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. விடிந்ததும் வெந்நீரில் கை நனைத்து விரல்களை மடக்கி நீட்டுவார், பிறகு யோகாசனம். முடக்கத்தான் தோசைக்கு அனுமதி உண்டு. ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் ஆயுள் தடை. மதியம் உயரம் தாண்டும் மெத்தையில் செத்த நேரம் தூக்கம். அப்போது எழுப்பினால் தலைமையாசிரியைக்கும் வசவுதான்.

பள்ளி ஆயா பிச்சையம்மாள் வாரம் ஒரு வைத்தியம் கொண்டுவருவார்.

"டீச்சர், இந்த எண்ணெயத் தேச்சுப் பாருங்க, முட்டுவலி ஓடியே போயிரும்."

"தேய்க்கேன் பிச்சையம்மா. எம்புட்டு வேணும்னாலும் தேய்க்கேன். மாத்திரைய மட்டும் நிப்பாட்டச் சொல்லாத."

போன மாதம் ராஜபாளையத்தில் இறுதிப் போட்டி, அதுவும் நடுப்பகலில். "வேற ஆள அனுப்பட்டுமா?" என்று தலைமையாசிரியை தயங்கினார். "கிரவுண்டு ஓரத்துல வேப்பமரம் இருக்குல்லா? நான் போறேன்" என்று டீச்சர் கிளம்பிவிட்டார். நிழல் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. தொண்டை மட்டும் மைதானம் முழுக்க ஓடியது: "வேலுத்தாயி, இடது பக்கம்ட்டி! இடது பக்கம்!"

கடைசி நிமிஷத்தில் வேலுத்தாய் பாய்ந்து விழுந்து எதிரணிக்காரியைத் தொட்டுவிட்டாள். வெற்றி! டீச்சர் துள்ளி எழுந்து ஓடினார். நிழல் முடியும் கோட்டில் கால் தானாக நின்றது. புழுதியோடு பிள்ளைகள் அவரை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் இரண்டு கைகளையும் அகல விரித்து, எல்லோருக்கும் நிழலில் இடம் இருக்கட்டும் என்று, ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார்.