மச்சான் ஒப்புக்கொள்ளாத கத்தி

மச்சானின் இடுப்பில் அந்தக் கத்தி இருந்த விதமே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. பாதிப் பிடிவரை தோல் உறைக்குள் இறங்கி, வாரோ பொத்தானோ இல்லாமல், அவர் குனிந்தாலும் ஓடினாலும் நழுவாமல், அந்த வீட்டுக்கு என்னைவிட மூத்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். ரயில்வே பட்டறைக்கு மெஷின் பொருத்த சுவீடனிலிருந்து வந்த ஒருவர், ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். வெளிறிய மரப்பிடி. பூ வேலை கிடையாது, பளபளப்பு கிடையாது. கல்யாணமான புதிதில், 1950களின் கடைசியில், “பென்சில் சீவற கத்தி மாதிரி இருக்கே மச்சான்” என்று வாயை விட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இரண்டு வருஷம் வட்டி கட்டினேன்.

அவர் என் மனைவியின் அண்ணன், பட்டறையில் சார்ஜ்மேன். வீடு எடமலைப்பட்டி புதூரில். பொங்கல் லீவு வந்தால் பட்டறை நண்பர்கள் மூன்று பேருடன் பச்சைமலைக்குப் போய்ச் சில நாள் காட்டில் தங்கி வருவார். நானோ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறவன். மாமியார் வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே எனக்குத்தான் நாற்காலி. ஆனால் மலைப் பேச்சு எடுத்தால் மட்டும், குழந்தை எதிரே சினிமாப் பேச்சை நிறுத்துவது போல் நிறுத்திவிடுவார்கள். “மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்காது” என்று மாமியார் எனக்கே என்னைப் பற்றிச் சொல்லுவார். ஒரு தடவையாவது அந்த மலைக்குப் போய் வந்தால்தான் அந்த வீட்டில் நான் ஆம்பிளை என்று எனக்குப் பட்டது. மச்சான் மறுக்கவில்லை. ஒரே நிபந்தனை: “அவங்கவங்க கத்தி அவங்கவங்க இடுப்புல இருக்கணும் மாப்ள. காட்டுல இரவல் கிடையாது.”

வீட்டு மாப்பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாதல்லவா, அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. அவர் ஒரு கத்தியையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, பாராட்டியே கொன்றார். சின்னக்கடைத் தெருவில் வாங்கிய மடக்குக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நல்லா மடங்குதுங்க” என்றார். நண்பர்கள் வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்கள். அடுத்து, விரல் தடுப்பும் வெள்ளிப் பூணும் வைத்து ராஜா நாடகத்துக்குக் கிளம்பியது போல ஒன்று. அதை ஒரு குச்சியில் வைத்து இழுத்தார். தடுப்பு இடித்து, கை பாதியில் நின்றது. “போட்டோ எடுக்கறப்ப வெச்சுக்கலாம்” என்றார். அந்தப் பொங்கல் போயிற்று. மறு வருஷம் ஒரு கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து ஒன்று அடித்து வாங்கினேன். அலகின் முதுகு அவ்வளவு கனம். குச்சி சீவவில்லை, பிளந்தது. “தேங்கா உடைக்கலாங்க” என்றார். அந்தப் பொங்கலும் போயிற்று. வாங்கிய கத்திகள் எல்லாம் என் வீட்டு அடுப்படியில் குவிய, “எந்த ஊர் மேல படையெடுக்கப் போறீங்க?” என்று என் மனைவி கேட்க ஆரம்பித்தாள்.

கடைசியில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் தம்பி, கப்பலில் வேலை பார்ப்பவர், நிஜமான சுவீடன் கத்தியே கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் குச்சியில் இழுத்தார். பூண்டுத் தோல் மாதிரி ஒரு சுருள் வந்து விழுந்தது. அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை போகிறதா என்று தட்டிப் பார்த்தார். தீக்கல் உரசத் தோதாக முதுகின் விளிம்பு மழுங்காமல் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். சாணைக்கல்லில் அலகைப் படுக்க வைத்தார். சரிவு முழுக்கக் கல்லில் படிந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் சற்று நேரம் அவதிப்பட்டார். “இது துருப் பிடிக்கற இரும்பு. ஈரம் ஆகாது” என்றார். பிறகு, “பொங்கல் வரைக்கும் எதுக்கு, ஆயுத பூஜைக்கு மறுநாளே போவோம். காலைல முதல் பஸ்” என்றார்.

பூஜையன்று சாயங்காலம் என் அம்மா அரிவாள்மணை, சுத்தியல், தையல் மெஷின் எல்லாவற்றோடும் என் கத்தியையும் வரிசையில் வைத்து, சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் இட்டிருந்தாள். மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் நல்ல நேரமாம். அதுவரை தொடக் கூடாதாம். பஸ் ஆறு மணிக்கு. விடியுமுன் எழுந்து, படத்திலிருந்து சரஸ்வதி பார்த்துக்கொண்டிருக்க, சொந்தக் கத்தியைத் திருடினேன். துடைத்தால் சந்தனத்துக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள். ஈரம் ஒரே ராத்திரியில் அலகைத் தின்றிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நால்வரும் மூட்டையோடு நின்றார்கள். உறையிலிருந்து உருவிக் காட்டினேன். மச்சான் புள்ளிகளையே பார்த்தார். இதோ ‘பொட்டு நல்லா ஒட்டியிருக்குங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“பூஜைலேர்ந்து எடுத்தீங்களா?”

“ஆமாம் மச்சான்.”

“அம்மா விட்டாங்களா?”

“கேக்கல.”

அவர் நண்பர்களைப் பார்த்தார். நண்பர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தேன்; நான்கு இடுப்பிலும் ஒன்றுமில்லை. “எங்க வீட்ல பத்தரைக்கு மேலதான் எடுக்கணுமாம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “ஏறுங்க, ஏறுங்க. சீட்டு போயிரும்.”

மலையில் இருந்த நாளெல்லாம் அவர்கள் குச்சி சீவியதும் கயிறு அறுத்ததும் வெள்ளரிக்காய் நறுக்கியதும் என் துருப்பிடித்த கத்தியால்தான். “மாப்ள, கத்தி” என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் உறையிலிருந்து எடுக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். கடைசி நாள் மச்சான் அலகைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, தன் உள்ளங்கையில் குறுக்கே வைத்துப் பார்த்தார்; அலகு உள்ளங்கை அகலத்தைத் தாண்டக் கூடாதாம். நுனி வெளியே நீட்டியது. கத்தியைக் கையில் தரக் கூடாதென்று பாறைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “கால் அங்குலம் நீளம் ஜாஸ்திங்க.”

அவர் கை சின்னக் கை. என் உள்ளங்கைக்கு அலகு அளவெடுத்தது மாதிரி இருக்கும். அதை அங்கேயே வைத்துக் காட்டினேன். அவர் மூட்டை கட்டுவதில் மும்முரமாக இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் காட்டினேன். பார்க்கவே மாட்டார். இப்போது அவர் இல்லை. இன்றைக்குக் கடைக்குப் போனால் இந்த மாதிரிக் கத்தி கலர் கலராகத் தொங்குகிறது. துருவே பிடிக்காதாம், யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் என்னுடையதை எண்ணெய் போட எடுத்தவன், பழக்க தோஷத்தில் உள்ளங்கையில் குறுக்கே வைத்தேன். வயதாகிச் சதை வற்றி, கை சுருங்கிப் போயிருக்கிறது. நுனி வெளியே நீட்டியது, கால் அங்குலம்.