சிவப்பு நூல் கட்டிய சோடாக் குப்பி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் மட்டாஞ்சேரிக்குப் போய் அஃப்னாவின் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொள்ளலாம். கோலி சோடா என்று சொன்னாலே போதும், அந்த விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வாள்.

அவள் கணவன் சஜ்ஜாத் சோடா போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவன். முதல் மனைவி பௌசியா காய்ச்சலில் இறந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் அஃப்னாவைக் கட்டினான். குப்பிகளில் கேஸ் அடைப்பது அவன் வேலை, கொல்லையில் குப்பி கழுவுவது அவள் வேலை. வந்த முதல் நாளே பக்கத்து வீட்டு ஜுமைலா நன்றாகப் பற்றவைத்துவிட்டுப் போனாள்.

"பௌசியாக்குத் தனிக் குப்பி உண்டு மோளே. கழுத்துல சிவப்பு நூல் கட்டியிருக்கும். தினமும் போடுற முதல் சோடா அவளுக்குத்தான். வேற ஆரும் அதுல வாய் வைக்கக் கூடாது."

மறுநாள் காலை, கழுவ வேண்டிய குப்பிகளுக்கு நடுவில் அது நின்றது. சிவப்பு நூலோடு. ஏற்கெனவே கழுவியது போல, ஈரம் சொட்டச் சொட்ட.

அஃப்னாவுக்கு வயிறு எரிந்தது. விடியும் முன்னே எழுந்து, செத்துப்போனவளின் குப்பியைக் கழுவி வைக்கிறான்! எனக்கு என்றைக்காவது ஒரு வாய் சோடா நீட்டியிருக்கிறானா? நேரே கேட்கவும் வீம்பு விடவில்லை. குப்பி தினமும் வந்தது. அவளும் தினமும் அதை மூலையில் தள்ளிவிட்டு மற்றவற்றைக் கழுவினாள். இப்படியே இருபது நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் மணி 12.40. சஜ்ஜாத் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். இன்றோடு இதை ஒழித்துக்கட்டுவது என்று குப்பியைத் தூக்கினாள்.

கனத்தது. ஆனால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கோலி மட்டும் மேலே வாயை அடைத்துக்கொண்டு நின்றது. கேஸ் இருந்தால்தான் கோலி மேலே நிற்கும். காலிக் குப்பியில் கீழே விழுந்து கிடக்க வேண்டும். குலுக்கிப் பார்த்தாள். விழவில்லை.

12.43. உள்ளே, அடியில், ஒரு சின்னச் சிப்பி ஒட்டியிருந்தது. காயலின் உப்புத் தண்ணீரில் இருக்கிற சிப்பி. தினமும் கழுவுகிற குப்பியிலா...?

கட்டைவிரலை வைத்துக் கோலியை அழுத்தினாள்.

'டப்' என்ற சத்தமே இல்லை.

உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள்... ஹ்ஹ்ஹ்...

விரல் மாட்டிக்கொண்டது.

பல் பதிந்தது.

"விடு..." என்று அலறினாள் அஃப்னா.

12.45. குப்பியைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

சஜ்ஜாத் வந்து விரலில் துணி சுற்றும்போது, அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"தினமும் அவ குப்பியக் கழுவி வைக்கிறீங்களே இக்கா. அப்ப நான் ஆரு?"

"ஏது குப்பி?"

"சிவப்பு நூல் கட்டினது."

அவன் கை நின்றுவிட்டது.

"அத நம்ம நிக்காஹ்வுக்கு முந்தின நாளே காயல்ல எறிஞ்சிட்டேனே. உன் மனசு நோவக் கூடாதுன்னுதான்."

இதைக் கேட்கத்தான் அவள் இருபது நாளாக ஏங்கினாள். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு தரையைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடியும் உப்புத் தண்ணீரும் கிடந்தன. நூலைக் காணோம்.

மறுநாள் சஜ்ஜாத் முதல் சோடாவை அவளுக்கே கொண்டுவந்து நீட்டினான். புதுக் குப்பி. அதன் கழுத்தில் ஈரமாக ஒரு சிவப்பு நூல் இருந்தது. அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அஃப்னா இன்றுவரை சோடா குடித்ததில்லை.