சேங்கொட்டைப் பலாப்பழம்

எங்கள் சித்தப்பாவுக்கு மிளகை வாங்கத் தெரியும், விற்கத் தெரியும், உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எந்த ஊர்க் கொடியில் காய்த்தது என்று சொல்லத் தெரியும். வரையத்தான் தெரியாது. எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது.

காரவள்ளியில், கொல்லிமலைப் பாதை தொடங்குகிற இடத்தில் எங்கள் கடை. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து ஆறு பேர் மிளகு மூட்டைகளைத் தலையில் வைத்து இறக்கிக்கொண்டு வருவார்கள். கடையில் ஆளுக்கொரு சொம்பு கம்மங்கூழ் குடித்துவிட்டு, அப்படியே காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்குச் சுமந்து போவார்கள். வரிசையில் எப்போதும் முதலில் நடக்கிறவரை நாங்கள் முன்மூட்டைக்காரர் என்போம். அதிகம் பேசமாட்டார். ஆனால் மடியில் எனக்கென்று ஏதாவது ஒரு பழம் இருக்கும்.

சந்தையில் வேறொரு வியாபாரி, மிளகோடு பப்பாளி விதையைக் கலந்து, அதையும் கொல்லிமலைச் சரக்கு என்று விற்கத் தொடங்கினார். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சுமக்கிறவர்கள் ஆறு பேருக்கும் கைவைத்த பனியன் வாங்கிக் கொடுத்து, நெஞ்சில் நம் கடை அடையாளத்தைப் போட்டுவிடுவோம், வருகிறபோதே ஜனங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றார். பனியன் வந்துவிட்டது. அடையாளம் என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் சிலேட்டு வைத்திருந்தது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது எட்டு வயது. மிளகை வரையச் சொன்னார். புள்ளி புள்ளியாக வைத்தேன். ஈ மொய்த்த மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. மிளகுக்கொடி பலாமரத்தில்தானே ஏறுகிறது, பலாப்பழத்தைப் போடு என்றார் சித்தப்பா. போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, ஆமை நன்றாக வந்திருக்கிறது என்றார். அம்மா அதை முள்ளம்பன்றி என்றாள். சித்தப்பா மட்டும் அதைப் பலாப்பழம் என்றே ஒப்புக்கொண்டார். அதனால் நான் அவர் கட்சியானேன்.

அடுத்த குழப்பம், அதைத் துணியில் எப்படி ஏற்றுவது என்பது. சேந்தமங்கலத்துத் தையற்காரர் பச்சை நூலில் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். பனியன் துணி இழுபடுகிற துணி. நூல் இழுத்த இழுப்பில் பழம் சுருங்கி வாழைப்பூவாகிவிட்டது. சரி, துணியையே பழம் போல வெட்டி மேலே வைத்துத் தைக்கலாம் என்று பார்த்தார்கள்.

"கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போட்டாப்பல இருக்குது," என்றாள் அம்மா. "கடை நொடிச்சுப்போச்சுன்னு சந்தையில பேசிக்குவாங்க."

பிறகு மரக்கட்டையில் செதுக்கிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்தினார்கள். கண்ணைப் பறித்தது. ஒரு தண்ணீர் அலசியதும் பழத்தைக் காணோம், பனியன் முழுக்க ரோஜா நிறம்.

ஒவ்வொன்றையும் கொடியில் காயப்போட்டுவிட்டு, "கண்ணு, உனக்கு எது புடிக்குது?" என்று சித்தப்பா என்னைக் கேட்பார். காலையில் நூல் என்பேன், மத்தியானம் ஒட்டு என்பேன். பனியன் போட்டுக்கொள்கிறவர்களுக்காகவா, பார்க்கிறவர்களுக்காகவா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் என் சாயம் போன பாவாடையை நினைத்துக்கொண்டு, "போகவே போகாத மை எதுவோ அதுல போடுங்க சித்தப்பா" என்றேன். இதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன்.

போகவே போகாத மை எங்கள் ஊரில் ஒன்றுதான் இருந்தது. துணி வெளுக்கிறவர் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பாரே, அந்தச் சேங்கொட்டைச் சாறு. சித்தப்பா அவரைக் கூட்டிவந்து, நெஞ்சு அகலத்துக்குப் பலாப்பழம் போட வேண்டும் என்றார். அவர் சிலேட்டையும் பார்த்தார், சித்தப்பாவையும் பார்த்தார்.

"ஏனுங்க, இது பொட்டு வெக்கிற மையிங்க. கோலம் போடற மை இல்லீங்க."

போட்டாலும் சுண்ணாம்பில் ஊறவைத்து, பல தண்ணீர் அலசி, பத்து நாளாவது வெயில் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். மறுநாளுக்கு மறுநாள் சந்தை. சித்தப்பாவுக்குப் பத்து நாள் பொறுக்குமா? மை காய்ந்த கையோடு ஆறு பனியனும் மூட்டைக்காரர்களிடம் போய்விட்டன.

அன்றைய சந்தையை நான் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு வெள்ளைப் பனியன், ஆறு கறுப்புப் பழம். ஆமைக் கடை மிளகு எங்கே என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆமையோ பழமோ, மூட்டைகள் உச்சிக்கு முன்பே காலி. முன்மூட்டைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அவர் தன் பனியனை மூன்று நாள் கழற்றவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த சந்தைக்கு ஒருவரும் இறங்கி வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பப்பாளி விதை வியாபாரி ஆளை இழுத்துவிட்டார் என்று சித்தப்பா கத்திக்கொண்டே மலையேறக் கிளம்பினார். என் பழத்தை மலையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று நானும் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

அவர்கள் ஊர் எல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகை. ஆறு பேரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். பனியன்கள் கம்பில் தொங்கின. பழங்கள் ஆறு நெஞ்சிலும் இருந்தன. வேர்வையில் கசிந்த சாறு தோலில் ஏறி, வீங்கி, அரிப்பெடுத்து, கன்னங்கரேலென்று படிந்திருந்தது. எல்லாரிலும் முன்மூட்டைக்காரருக்குத்தான் அழுத்தமாக விழுந்திருந்தது. நான் போட்ட முள்ளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது.

அந்த மலையில் உடம்பில் பச்சை குத்தியவர்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள். உள்ளே இருக்கிற சாமிக்கு ஆகாது. எங்கள் அம்மாவின் முழங்கை நிறையப் பச்சை. அவள் மலைக்கு வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் களத்திலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்ததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு பேரும் அவரவர் வாசலை மிதித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. சோறு கொட்டகைக்கு வந்தது. முன்மூட்டைக்காரர் வீட்டில், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, நாலு நாளைக்கு முன்பு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர் அதன் அழுகையை மட்டும்தான் கேட்டிருந்தார்.

ஊருக்குத் தலைவரான கவுண்டர் வந்தார். சித்தப்பா கைகூப்பி, இது ஊசியால் குத்தியது அல்ல, வெறும் மை, தோல் உரிந்தால் போய்விடும் என்றார்.

"போகாத மையின்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்களாமா," என்றார் கவுண்டர்.

சித்தப்பா துணியில் போகாது, தோலில் போகும் என்று தொடங்கினார், அவருக்கே குழறியது. பிறகு சட்டையைக் கழற்றினார். கம்பில் தொங்கிய முன்மூட்டைக்காரரின் பனியனை எடுத்து, சுனையில் நனைத்து, போட்டுக்கொண்டு நடு வெயிலில் போய் உட்கார்ந்தார்.

"மொதலாளி, வேண்டாமுங்க, எரியுமுங்க," என்றார் முன்மூட்டைக்காரர்.

"எரியட்டும். எனக்குப் போவுதா இல்லையான்னு ஊரே பாக்கட்டும்."

என்னை வேறொருவரோடு கீழே அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று வழியெல்லாம் கேட்டேன். வந்தவருக்கும் அதே சந்தேகம் இருந்தது போலிருக்கிறது.

இருபது நாள் கழித்து, சித்தப்பாவை அழைத்துவர அப்பா போனபோது நானும் போனேன். கொட்டகையில் இரண்டே பேர். மற்ற ஐந்து பேரும் மை உரிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பாவின் நெஞ்சு பழைய தோல் கழன்று குழந்தைத் தோலாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. கவுண்டரே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார். முன்மூட்டைக்காரருக்கு மட்டும் பழத்தின் அடிப்பாகம் இன்னும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் போன பிறகுதான் உள்ளே போகலாம்.

"உனக்குத்தான் போயிருச்சே, கெளம்பு," என்றார் அப்பா.

"நீங்க போங்க. நான் பொறகால வாரேன்," என்றார் சித்தப்பா. கடை பூட்டிக் கிடப்பதை அப்பா சொன்னார். கிடக்கட்டும் என்றார். என்ன கணக்கு இது என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்போது முன்மூட்டைக்காரர் மனைவி வாசலுக்கு வந்து, என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தையை அதில் வைத்தாள்.

"சாமி, களத்துல நின்னு காட்டு. அவுங்க பாக்கோணும்."

நான் களத்தில் நின்று தூக்கிக் காட்டினேன். முன்மூட்டைக்காரர் கொட்டகையை விட்டு இரண்டடி வந்தார். உச்சி வெயிலில் கம்பளியை எடுத்துக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் ஓரடி வரவில்லை. வாங்க, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். சரி, சித்தப்பாவாவது வருவார் என்று பார்த்தால், நெஞ்சில் ஒன்றுமே இல்லாத அவரும் பக்கத்தில் வந்து நின்று, அவரைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இவ்வளவு பெரிய ஆண்கள் இரண்டு பேருக்கும் பிள்ளை தூக்கத் தெரியாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது.

"பயப்படாதீங்க," என்றேன் அங்கிருந்தே. "இங்க பாருங்க. ஒரு கைய இப்படிக் கழுத்துக்குக் கீழ குடுக்கோணும். இன்னொரு கை இங்க."

இரண்டு பேரும் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும் என்று நான் திரும்பத் திரும்பக் காட்டினேன்.