மூன்று சிவப்புக் குப்பிகளும் உப்புப் போட்ட ஐஸும்

பேரையூர்ப் பக்கம் யாராவது மீன் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால், அது வெள்ளைத்துரை கொண்டுவந்த மீன் இல்லை என்று அர்த்தம். கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இருபத்தாறு வருடமாக அவர் மதுரையில் மீன் எடுத்து, லோடு ஆட்டோவில் ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஊர் ஊராக விற்றுவருகிறார். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், மேலே இரண்டு கை கல்லுப்பு. உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும். பள்ளிக்கூடத்தில் யாரும் இதை அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவரும் அங்கே அதிக நாள் இருக்கவில்லை.

மனைவி அன்னக்கொடிக்குச் சினைப்பையில் புற்றுநோய். அறுத்து எடுத்து, ஆறு ஊசி போட்டு, ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பவும் வந்தது. இந்தமுறை டாக்டர் வேறு மருந்து எழுதினார். திருப்பரங்குன்றம் பக்கத்து ஆஸ்பத்திரியில், நர்ஸ் பவதாரிணிதான் அதை விளக்கினாள்.

"மருந்து பழைய மருந்துதான் அண்ணே. ஆனா அப்படியே ஏத்துனா இதயத்தப் பதம் பாத்துரும். அக்காவுக்கு ஏற்கனவே இதயம் வீக்கு. அதான் குட்டிக் குட்டிக் கொழுப்புக் கொப்புளத்துக்குள்ள அடைச்சிருக்கு. நானோன்னு சொல்லுவாங்க."

"எம்புட்டுக் குட்டி?"

"எண்ணூறு கொப்புளத்த வரிசையா வச்சா, உங்க தலைமுடி ஒண்ணோட கனம் வரும்."

வெள்ளைத்துரை தலையைத் தடவிக்கொண்டார். அங்கே அளந்துபார்க்க அதிகமில்லை.

"கட்டியில இருக்குற ரத்தக்குழாய் ஓட்டை ஒடசலா இருக்கும். இது அந்த வழியா நழுவி உள்ள போயி, அங்கதான் சரக்க எறக்கும். வழியில இதயத்துல அவ்வளவா சிந்தாது."

வெள்ளைத்துரைக்கு உடனே புரிந்துவிட்டது. சரக்கு ஒன்றுதான், பெட்டிதான் விஷயம். அன்றிலிருந்து டீக்கடையில் புற்றுநோய்ப் பேச்சு வந்தால் அவர்தான் பேசுவார். "எல்லாம் பேக்கிங்குதான் மாப்ள" என்பார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மீன் விஷயத்தில் அவர் தப்பாகச் சொன்னதில்லை.

மருந்தை வீட்டார்தான் வாங்கிவர வேண்டும். கோரிப்பாளையத்தில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் பாய் ஆர்டர் போட்டு வரவழைத்துக் கொடுப்பார். மாதம் மூன்று குப்பி, தெர்மாகோல் பெட்டியில், இரண்டு ஜெல் பாக்கெட்டோடு. முதல் இரண்டு மாதம் காலையில் வாங்கி நேரே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டார். மூன்றாவது மாதம் மே. மருந்து சாயங்காலம்தான் வந்தது, ஊசியோ மறுநாள் காலை எட்டு மணிக்கு.

"வீட்டுல பிரிட்ஜ்ல கீழ் தட்டுல வச்சிருங்கண்ணே. ஃப்ரீசர் வேணாம். வேற ஐஸ் எதுவும் போட்றாதீங்க," என்றார் பாய்.

"சரி பாய்," என்றார் வெள்ளைத்துரை. மாத்திரை விற்கிற ஆள் தனக்கு ஐஸைப் பற்றிச் சொல்வதைப் பொறுமையாகவே கேட்டுக்கொண்டார்.

வீட்டில் பிரிட்ஜ் இருந்தது, கரண்ட் இல்லை. ஜெல் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தார், தொளதொளவென்று இருந்தது. மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் சின்ன மீன் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸைக் குத்தி நிரப்பினார். அந்தப் பெட்டிக்கு அரைக் கை உப்பே அதிகம். மனைவியின் மருந்து என்பதால் நான்கு கை போட்டார்.

விடிந்து திறந்தபோது மூன்று குப்பியிலும் மருந்து சிவப்புக் கல்லாக இருந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அன்னக்கொடியோடு பஸ் ஏறினார். திருமங்கலம் வருவதற்குள் எல்லாம் இளகிவிட்டது. குலுக்கிப் பார்த்தார். அதே சிவப்பு.

"என்னத்தப் போட்டு அந்த ஆட்டு ஆட்டுறீங்க?" என்றாள் அன்னக்கொடி.

"சும்மா."

கப்பலூர் தாண்டும்போது அவருக்கு மீன் ஞாபகம் வந்தது. கல்லாக உறைந்த மீனை இளகவிட்டால் பார்வைக்கு மீன் மாதிரித்தான் இருக்கும். அமுக்கினால் தண்ணீர் விடும். ஐஸ் உள்ளே ஊசி ஊசியாக வளர்ந்து சதையைக் கிழித்திருக்கும். சதைக்கே இந்தக் கதி என்றால், அந்தக் கொப்புளம் என்ன பாடு பட்டிருக்கும்? உடைந்திருந்தால், பெட்டியில்லாத வெறும் சரக்காக அது அவள் இதயத்துக்குப் போகும்.

ஆஸ்பத்திரியில் அன்னக்கொடிக்கு நரம்பு கிடைக்க மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. பவதாரிணி குப்பிகளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"பிரிட்ஜ்லதான வச்சிருந்தீங்க?"

தலையாட்டினால் முடிந்தது. இல்லையென்றால், இருபத்தாறு வருட ஐஸ்காரருக்கு ஐஸ் வைக்கத் தெரியவில்லை என்று ஆகும். பவதாரிணி முதல் குப்பியின் மூடியைத் தட்டினாள்.

"தாயி, அது உறைஞ்சுபோச்சு."

"எது?"

"மூணுந்தான். கல்லா. நாந்தேன் உப்புப் போட்டேன்."

"மருந்துக்கா உப்புப் போட்டீங்க?"

"ஐஸுக்கு."

பவதாரிணி டாக்டருக்குப் போன் போட்டாள். குப்பிகள் ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பைக்குள் போயின. நாலு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது, இதை ஏற்றியிருந்தால்தான் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அன்னக்கொடி கையிலிருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தாள். "மூணு குத்து வாங்குன பெறகு சொல்றீங்க. பஸ்ஸுல ஆட்டுனப்பவே தெரியும்ல?"

"பாதிதான் தெரிஞ்சுச்சு."

"மிச்சப் பாதி நான் செத்த பெறகு தெரிஞ்சிருக்கும்."

இரண்டு கிடாக்களை விற்றுப் புது மருந்துக்குச் சொன்னார்கள். இந்தமுறை கோரிப்பாளையத்துக்கு அன்னக்கொடியே போனாள். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கணவனைப் பஸ்ஸில் மூன்று சீட் தள்ளி உட்காரச் சொன்னாள். மறுநாள் பவதாரிணி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அன்னக்கொடியே பதில் சொன்னாள்.

"பிரிட்ஜ்லதான், கீழ் தட்டுல. ராத்திரி கரண்டும் போகல. பிரிட்ஜுக்கு முன்னாடி பாய் விரிச்சு நான் படுத்துக்கிட்டேன், இவரு எந்திரிச்சு வந்துருவாருன்னு."

மருந்து குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெள்ளைத்துரை கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள போயிருச்சா தாயி? கட்டிக்குள்ள?"

"இப்பத்தான் முழங்கையத் தாண்டியிருக்கு அண்ணே. ரெண்டு மூணு நாளு ரத்தத்துல சுத்திச் சுத்தித்தான் போய்ச் சேரும்."

"சரி, இருக்கேன்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.